அமெரிக்க காமிக்ஸ் தொழில்: வளர்ந்ததும் சரிந்ததும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பைடர்மேன் படம் வந்தால் ஊரே தியேட்டருக்குப் போகிறது. ஆனால் ஸ்பைடர்மேன் பிறந்த அந்த மெல்லிய மாத இதழை இன்று அமெரிக்காவிலேயே வாங்கிப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இது எப்படி நடந்தது என்று காமிக்ஸ் படிக்கும் நண்பர்களும் படிக்காத நண்பர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

நாம் தமிழில் படித்ததெல்லாம் அமெரிக்க காமிக்ஸ்தானா?

பெரும்பாலும் இல்லை. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டன்காரர். டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். லக்கி லூக் பெல்ஜியத்தில் பிறந்தவர். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி மூவரும் அமெரிக்கப் படைப்புகள்தான். ஆனால் அவர்கள் நாளிதழில் தினமும் மூன்று நான்கு கட்டங்களாக வந்தவர்கள். கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் அவர்களை உலகம் முழுக்க விற்றது. இங்கே பேசப்போவது அந்த நாளிதழ்த் தொடர்களைப் பற்றி இல்லை. ஸ்டேபிள் அடித்து, கடையில் தனியாக விற்ற மாத இதழ்களைப் பற்றித்தான்.

அந்த மாத இதழ் எப்படித் தொடங்கியது?

அச்சு எந்திரம் சும்மா நிற்கக் கூடாது என்ற கவலையில்தான். ஈஸ்டர்ன் கலர் என்ற அச்சகம் நாளிதழ்களுக்கு ஞாயிறு வண்ணப் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்துவந்தது. 1933இல் அந்தப் பழைய பக்கங்களையே மடித்துச் சின்னப் புத்தகமாக்கி, கம்பெனிகளுக்கு விளம்பர இலவசமாக விற்றார்கள். 1934இல் அதுவே 'ஃபேமஸ் ஃபன்னீஸ்' என்ற பெயரில் 10 சென்ட் விலையில் கடைக்கு வந்தது. அடுத்த வருடம் மால்கம் வீலர் நிக்கல்சன் என்ற முன்னாள் ராணுவ மேஜர், பழைய பக்கங்களை விட்டுவிட்டுப் புதுக் கதைகளோடு ஓர் இதழ் போட்டார். அவரிடம் பணம் நிற்கவில்லை. அவருடைய நிறுவனம் கடனில் ஹாரி டோனென்ஃபெல்ட், ஜாக் லீபோவிட்ஸ் ஆகியோரின் கைக்குப் போனது. அதுதான் பின்னாளைய டிசி.

சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பல இடங்களில் நிராகரிக்கப்பட்ட பிறகு 1938இல் அந்தக் கதையை டிசிக்கு விற்றார்கள். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். அந்தப் பணத்தோடு கதாபாத்திரத்தின் உரிமையும் போய்விட்டது. ஜூன் 1938 தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் வானொலி, கார்ட்டூன் படம், பொம்மை என்று எல்லாவற்றிலும் அவர்தான்.

1947இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். வேலையும் போனது, இதழில் அவர்கள் பெயரும் போனது. 1970களில் ஷஸ்டர் பார்வை மங்கி, வறுமையில் இருந்தார். பல கோடி செலவில் சூப்பர்மேன் படம் தயாராகும் செய்தி வந்தபோது சீகல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் அவர்களுக்காகப் போராடினார்கள். 1975 கடைசியில், டிசியின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தரவும், படைத்தவர்கள் என்று பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. 37 வருடம் கழித்து! இந்தத் தொழிலின் முதல் பெரிய வெற்றியும் முதல் பெரிய அநீதியும் ஒரே காகிதத்தில் கையெழுத்தானவை.

உச்சத்தில் எவ்வளவு விற்றது?

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாது. 1940களின் நடுவில் ஃபாசெட் நிறுவனத்தின் 'கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்' ஓர் இதழுக்கு 13 லட்சத்துக்கும் மேல் விற்றது, சூப்பர்மேனையே முந்தியது. (டிசி அதன் மேல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தது. 1953இல் ஃபாசெட் சமரசத்துக்கு வந்து சூப்பர்ஹீரோ இதழ்களை நிறுத்தியது.) போர்க்காலத்தில் ராணுவ முகாம்களிலும் காமிக்ஸ் மூட்டை மூட்டையாகப் போனது.

ஆனால் அப்போதைய காமிக்ஸ் என்றால் சூப்பர்ஹீரோ என்று நினைப்பது தவறு. போர் முடிந்ததும் சூப்பர்ஹீரோக்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். துப்பறியும் கதை, கௌபாய், காதல், பேய், வேடிக்கை விலங்குகள் எல்லாம் விற்றன. பெண்கள் காதல் காமிக்ஸை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் எல்லோரையும் தாண்டி நின்றது டெல் நிறுவனத்தின் டிஸ்னி இதழ். மாதம் 30 லட்சம் பிரதிகள். அதில் டொனால்ட் டக் கதைகளை எழுதி வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயரை அந்த இதழ் ஒருநாளும் போடவில்லை. வாசகர்களாகவே பாணியை வைத்து அவரை அடையாளம் கண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என்று சொல்லிவந்தார்கள்.

1954இல் என்னதான் நடந்தது?

காமிக்ஸ் மீதான கோபம் அதற்கு முன்பே இருந்தது. 1948இலேயே நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். உலகப் போர் முடிந்து மூன்றே வருடம் ஆகியிருந்த நேரத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் சிறுவர்களைக் குற்றத்துக்கு இழுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே வருடம் ஏப்ரலில் சிறார் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு நியூயார்க்கில் கூடியது. இசி என்ற சின்ன நிறுவனத்தின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். கையில் கோடரியும் வெட்டுண்ட பெண் தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்டார். பேய்க்கதை இதழுக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். மறுநாள் நாளிதழ்களில் அதுதான் செய்தி.

அரசு தடைச்சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. பயந்துபோன பதிப்பாளர்களே சங்கம் சேர்ந்து 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதிகளை எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல்லுக்குத் தடை. ரத்தக்காட்டேரிக்குத் தடை. போலீசையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. கடைசியில் நல்லவனே ஜெயிக்க வேண்டும். அட்டையில் முத்திரை இல்லாத இதழை மொத்த வியாபாரிகள் எடுக்க மறுத்தார்கள்.

அந்த விதிகள் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு சம்பவம். இனப் பாகுபாட்டைக் கண்டிக்கும் ஒரு விண்வெளிக் கதையை இசி மறுபடி வெளியிட முயன்றது. கடைசிக் கட்டத்தில் வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், அவர் கறுப்பினத்தவர். அவரைக் கறுப்பராகக் காட்டக் கூடாது என்று தணிக்கை அதிகாரி அடம்பிடித்தார். கெய்ன்ஸ் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். இசி போட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான். பிறகு அவர் கையில் மிஞ்சியது 'மேட்'. அதை 1955இலேயே காமிக்ஸ் அளவிலிருந்து பத்திரிகை அளவுக்கு மாற்றியிருந்ததால் அது அந்தத் தணிக்கை விதிகளுக்கு வெளியே தப்பிப் பிழைத்தது.

வெர்தாம் வில்லனா?

எளிதில் அப்படிச் சொல்லிவிட முடியாத மனிதர். ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மிகக் குறைந்த கட்டணத்தில் மனநல மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளைப் பாதிக்கிறது என்று நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியம் வரலாற்றில் இடம்பெற்றது. அதே மனிதர்தான் காமிக்ஸ் விஷயத்தில் சிறுவர்களின் வாக்குமூலங்களை மாற்றியும் ஒட்டியும் எழுதினார். அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த நூலக அறிவியல் பேராசிரியர் கரோல் டில்லி, 2012இல் இதை வெளிக்கொண்டுவந்தார். நோக்கம் எதுவாக இருந்தாலும் ஆதாரத்தைத் திரித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால் வேலையிழந்த ஓவியர்கள் பலர் மறுபடி இந்தத் தொழில் பக்கமே வரவில்லை.

அப்படியென்றால் தணிக்கைதான் தொழிலைக் கொன்றதா?

பாதிக் காரணம். 1954இல் சுமார் 650 இதழ்த் தலைப்புகள் இருந்தன. இரண்டே வருடத்தில் அது சுமார் 250 ஆனது. ஆனால் அதே வருடங்களில்தான் டெலிவிஷன் வீட்டுக்கு வீடு வந்தது. இன்னொரு அடியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை விநியோக நிறுவனமான அமெரிக்கன் நியூஸ் கம்பெனி 1957இல் அந்தத் தொழிலையே விட்டது. அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மார்ட்டின் குட்மேனின் நிறுவனம் (பின்னாளைய மார்வெல்) போட்டியாளரான டிசியின் விநியோகப் பிரிவிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. மாதம் எட்டு இதழ்களுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள்.

இந்த வரலாற்றை எப்போது படித்தாலும் என் கண் விநியோகத்தின் மேல்தான் போய் நிற்கிறது. கதை நன்றாக இருந்ததா என்பதைவிட, அது வாசகர் கைக்கு எந்த வழியாகப் போனது என்பதே ஒவ்வொரு திருப்பத்தையும் தீர்மானித்திருக்கிறது.

மார்வெல் எப்படி எழுந்து வந்தது?

டிசி 1956இல் ஃப்ளாஷ் என்ற பழைய சூப்பர்ஹீரோவைப் புதுப்பித்து சூப்பர்ஹீரோவுக்கு மறுபடி ஆள் இருக்கிறது என்று காட்டியது. 1961இல் மார்வெலின் எழுத்தாளர் ஸ்டான் லீ, ஓவியர் ஜாக் கர்பி கூட்டணி ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் குழுவைக் கொண்டுவந்தது. 1962இல் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைத் தந்தார்கள். வாடகைக்குத் திண்டாடும், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் ஹீரோக்கள். கல்லூரி மாணவர்களும் வாசகர்களானார்கள். மாதம் எட்டு இதழ் என்ற கட்டுப்பாட்டுக்குள்தான் இதெல்லாம் தொடங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பெட்டிக்கடையிலிருந்து காமிக்ஸ் ஏன் மறைந்தது?

லாபம் இல்லாததால். மருந்துக்கடை, மளிகைக்கடை, பேருந்து நிலையம் என்று எங்கும் ஒரு சுழலும் கம்பி ஸ்டாண்டு இருந்த காலம் அது. 12 சென்ட் இதழை விற்றால் கடைக்காரருக்குக் கிடைப்பது மூன்று நான்கு சென்ட். அதே இடத்தில் 50 சென்ட் பத்திரிகை வைத்தால் பல மடங்கு. போதாததற்கு, விற்காததைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் முறை. 1970களில் அச்சடித்ததில் பாதிக்கும் மேல் திரும்பி வந்தது. பிற்பாடு பிரதியைக் காட்ட வேண்டியதுகூட இல்லை, இத்தனை விற்கவில்லை என்று மொத்த வியாபாரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றானது. விற்காததாகக் கணக்கில் காட்டிய இதழ்கள் பின்வாசல் வழியாக விலைபோயின என்ற புகார் பலமாகவே இருந்தது.

அப்புறம் ஒரு வழி பிறந்தது. ஃபில் சூலிங் புரூக்ளினில் பள்ளி ஆசிரியர், நியூயார்க்கில் காமிக்ஸ் மாநாடு நடத்தியவர். 1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பாளர்களிடம் ஒரு யோசனை சொன்னார்: அதிகத் தள்ளுபடி கொடுங்கள், விற்காததைத் திருப்பித் தர மாட்டோம். காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் ஊர் ஊராக முளைத்தன. பதிப்பாளருக்கு அச்சடிக்கும் முன்பே ஆர்டர் எண்ணிக்கை தெரிந்துவிடும். சின்ன ஆட்களும் துணிந்து இதழ் போடலாம். 1984இல் இரண்டு நண்பர்கள் தாங்களே பணம் திரட்டிப் போட்ட நிஞ்ஜா ஆமைகள் இப்படித்தான் வந்தன.

அந்த முறை தொழிலைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முன்பு அம்மாவோடு மளிகை வாங்கப் போன பிள்ளை காமிக்ஸைத் தற்செயலாகப் பார்த்து அடம்பிடித்து வாங்கியது. இப்போது காமிக்ஸ் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர் மட்டுமே அந்தத் தனிக் கடையைத் தேடிப் போனார். புது வாசகர் உள்ளே வரும் கதவு சுருங்கிக்கொண்டே வந்தது. விற்காததன் நஷ்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில் விழுந்ததால், அவரும் நிச்சயம் விற்கும் சூப்பர்ஹீரோவைத் தாண்டி எதையும் ஆர்டர் செய்யத் தயங்கினார். காதல் கதையும் கௌபாயும் மறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

1990களில் 80 லட்சம் பிரதி விற்றதாமே? அது வீழ்ச்சியா?

1991இல் 'எக்ஸ்மென்' புதுத் தொடரின் முதல் இதழுக்கு 80 லட்சத்துக்கும் மேல் ஆர்டர் விழுந்தது, கின்னஸ் சாதனை. ஆனால் கவனியுங்கள், அது கடைகள் வாங்கிய எண்ணிக்கை. ஐந்து விதமான அட்டைகள் போட்டதால் ஒருவரே ஐந்து பிரதி வாங்கினார். பழைய இதழ்கள் ஏலத்தில் பெரிய விலைக்குப் போன செய்திகளைப் படித்தவர்கள், நாளைக்கு மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள். 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு உறையில் வந்தது. 60 லட்சம் போனது. அவர் மறு வருடமே திரும்பி வந்துவிட்டார், வாங்கியவர்களின் பணம் திரும்பி வரவில்லை.

1993இல் காற்று இறங்கியது. பளபளப்பு அட்டை இதழ்கள் கடைகளில் மலைபோல் தேங்கின. பத்தாயிரத்தை நெருங்கியிருந்த காமிக்ஸ் கடைகளில் பாதிக்கும் மேல் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. கடை போனால் அந்த ஊரின் வாசகர்களும் போனார்கள். அந்த ஊர்களில் வேறெங்கும் அது கிடைக்காதே.

மார்வெல் திவாலானது அதனால்தானா?

அதுவும் ஒரு காரணம். தொழிலதிபர் ரான் பெரல்மேன் 1989இல் மார்வெலை 8.25 கோடி டாலருக்கு வாங்கினார். பிறகு கடன் மேல் கடன் வாங்கி விளையாட்டு வீரர் பட அட்டை, ஸ்டிக்கர் கம்பெனிகளை வாங்கிச் சேர்த்தார். 1994இல் பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தம் அட்டை வியாபாரத்தைப் படுக்க வைத்தது. அதே வருடக் கடைசியில் ஹீரோஸ் வேர்ல்ட் என்ற சிறிய விநியோக நிறுவனத்தை மார்வெல் வாங்கி, இனி எங்கள் இதழ் இவர்களிடம் மட்டுமே என்றது. பயந்த மற்ற பதிப்பாளர்கள் டயமண்ட் என்ற விநியோகஸ்தரிடம் தனி ஒப்பந்தம் போட்டார்கள். ஹீரோஸ் வேர்ல்டால் அவ்வளவு சுமையைத் தாங்க முடியவில்லை. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. 1997இல் அதுவும் டயமண்டிடமே வந்து சேர்ந்தது. பல விநியோகஸ்தர்கள் இருந்த தொழிலில் கடைசியில் ஒருவர்தான் மிஞ்சினார்.

படங்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கும்போது புத்தகம் ஏன் விற்கவில்லை?

படம் பார்த்த ஒருவர் புத்தகம் வாங்க நினைத்தால் எங்கே போவார்? பக்கத்தில் கடை இருக்காது. இருந்தாலும் எந்த இதழிலிருந்து தொடங்குவது என்று புரியாது. பல பத்தாண்டுக் கதைத் தொடர்ச்சி குறுக்கே நிற்கும். விலையையும் பாருங்கள். 1938இல் 64 பக்கம் 10 சென்ட். இன்றைய மதிப்பில் சுமார் 2 டாலர் 20 சென்ட். இன்று 20 பக்கக் கதைக்கு 4 அல்லது 5 டாலர். ஒரு சிறுவனின் கைக்காசுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. மாத இதழ் ஒரு லட்சம் விற்றால் இப்போது அது பெரிய வெற்றி.

2009இல் டிஸ்னி மார்வெலைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியபோது, வாங்கியது கதாபாத்திரங்களைத்தான். இதழ் விற்பனை அந்தக் கணக்கில் மிகச் சின்ன எண்.

அந்தப் பணத்தில் படைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

மிகக் குறைவு. தான் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே ஜாக் கர்பி வருடக்கணக்கில் போராடினார். 1987இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சுமார் 1,900தான் கைக்கு வந்தன. அவருடைய வாரிசுகளோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014இல். அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974இல் இறந்தார். அவருக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் கிடைத்தது 2015இல்.

1992இல் மார்வெலின் ஏழு முன்னணி ஓவியர்கள் வெளியேறி, படைத்தவருக்கே உரிமை என்ற விதியோடு இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கியது இந்த வரலாற்றுக்கான பதில்தான். அவர்களுடைய ஆரம்ப இதழ்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அந்த விதி இன்றுவரை நிற்கிறது. நல்ல எழுத்தாளர்கள் பலர் அதனால்தான் இந்தத் துறையில் இருக்கிறார்கள்.

டயமண்ட் என்ன ஆனது?

2020 மார்ச்சில் கொரோனாவால் டயமண்ட் புது இதழ்களை அனுப்புவதை நிறுத்தியது. ஒரே குழாய் என்பதால் நாடு முழுக்க வாரக்கணக்கில் புது காமிக்ஸே இல்லை. அந்த வருடமே டிசி விலகியது. 2021இல் மார்வெல் தன் விநியோகத்தைப் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்திடம் கொடுத்தது. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு கொடுத்தது. அதன் கிடங்கில் சின்னப் பதிப்பாளர்கள் விற்பனைக்குக் கொடுத்துவைத்த புத்தகங்கள் யாருக்குச் சொந்தம் என்பது நீதிமன்றச் சண்டையானது. இந்த அடியைத் தாங்க முடியாதவர்கள் அந்தச் சின்னவர்கள்தான்.

அப்படியானால் அமெரிக்கப் பிள்ளைகள் காமிக்ஸே படிப்பதில்லையா?

நிறையப் படிக்கிறார்கள்! மாத இதழாகப் படிப்பதில்லை, அவ்வளவுதான். சிறுவர் நூல் பதிப்பகமான ஸ்கொலாஸ்டிக் 2005இல் கிராஃபிக்ஸ் என்ற பிரிவைத் தொடங்கி, ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' தொடரை வண்ணத்தில் வெளியிட்டது. 2010இல் ரைனா டெல்கெமியர் தன் பல் சிகிச்சைக் காலத்தைப் பற்றி எழுதி வரைந்த 'ஸ்மைல்' வந்தது. டேவ் பில்கியின் 'டாக் மேன்' புத்தகங்கள் முதல் அச்சிலேயே லட்சக்கணக்கில் போகின்றன. 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் வென்றது; ஒரு காமிக்ஸ் நூல் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. இதோடு ஜப்பானிய காமிக்ஸான மங்காவும் சேர்ந்ததால், 2021இல் அமெரிக்காவும் கனடாவுமாகக் காமிக்ஸ் விற்பனை 200 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கின்றன என்று பாருங்கள்: பள்ளி நூலகத்தில், பள்ளியிலேயே நடக்கும் புத்தகக் கண்காட்சியில், சூப்பர்மார்க்கெட்டில். முழுக்கதை ஒரே புத்தகத்தில் முடிகிறது. வாசகர்களில் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள் இருந்தாலும் யாருக்கும் அது அதிசயமாகத் தெரிவதில்லை. சரிந்தது மாத இதழும் அதைச் சுற்றிய கடைகளும். படக்கதை படிக்கும் ஆசை குறைந்ததே இல்லை.

பழைய இதழ்களுக்கு ஏன் அவ்வளவு விலை? நான் இப்போது வாங்கி வைக்கலாமா?

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் பிரதிகள் சொற்பமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதம் சேகரித்தபோது மூட்டைகளாகப் போனது, மிச்சத்தை அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்தபோது தூக்கிப் போட்டார்கள். 1991 'எக்ஸ்மென்' முதல் இதழை யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால் சாதாரணப் பிரதி இன்றும் சில டாலருக்கே கிடைக்கிறது. பிடித்த கதை என்றால் வாங்குங்கள், உறையைப் பிரித்துப் படியுங்கள்.